தலைக்கு ஏற்ற கவசம்



மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டுமா என்று இன்று நான் வாதாடப் போவதில்லை. அணிவதென்று தீர்மானித்த பின் எதை அணிவது, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே என் பேச்சின் பொருள். இவ்விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அது பெருமைக்குரிய அனுபவம் அன்று.

பல ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மோட்டார் சைக்கிள் வாங்கினான். அண்ணன் என்ற அக்கறையில் நானே கடைக்குச் சென்று, வண்டியின் நிறத்துக்குப் பொருத்தமாக ஒரு கவசம் வாங்கி வந்தேன். அவனை உடன் அழைத்துச் செல்லவில்லை. அவன் தலையை அளக்கவும் இல்லை. "நெற்றியை அழுத்துகிறது, அண்ணா" என்று இரண்டொரு முறை சொன்னான். "போகப் போகச் சரியாகிவிடும்" என்றேன். அழுத்தத்துக்குத் தப்ப, அதைப் பின்புறமாகத் தள்ளி வைத்து, முகவாய்ப் பட்டையை மாட்டாமலே ஓட்டலானான். ஒரு நாள் மாலை, மணல் சிதறிக் கிடந்த திருப்பத்தில் வண்டி சறுக்கியது. வேகம் அதிகமில்லை. ஆயினும் தலை தரையில் மோதுமுன்பே கவசம் கழன்று உருண்டுவிட்டது. பதினொரு நாள் நினைவின்றிக் கிடந்து பிழைத்தான். நீண்ட கணக்குகளை மனத்திலேயே கூட்டிச் சொன்னவன், இன்று மளிகைக் கடைச் சீட்டைக் கூட்டத் தடுமாறுகிறான். வசதியில்லாத கவசம் பாதுகாப்பில்லாத கவசம் என்ற பாடத்தை நான் இவ்வாறுதான் கற்றேன்.

தலைக்கவசத்தின் சரித்திரமும் ஒரு விபத்தோடு பின்னியதே. அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமல் விலகப் போய்த் தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்களுக்குப் பின் மாண்டார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அவர் அந்த மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்நாட்டில் சட்டம் வந்தது 1973-இல். கேர்ன்ஸ் 1952-லேயே காலமாகிவிட்டார். பிற்காலத்தில், 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கண்டது.

கவசம் நம்மைக் காப்பது எங்ஙனம்? வெளியே தெரியும் கெட்டியான ஓடே காக்கிறதென்று பலர் எண்ணுகின்றனர். ஓடு அடியைப் பரப்புகிறது. கூரிய பொருள் துளைக்காமல் தடுக்கிறது. அடியின் வேகத்தை விழுங்குவதோ உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு. அது நசுங்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் தலை சற்று மெதுவாக நிற்கிறது. மூளை மண்டையோட்டில் மோதும் வேகம் தணிகிறது. நசுங்கிய அடுக்கு மீண்டும் எழாது. ஆகவே ஒரு முறை பலத்த அடி வாங்கிய கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லையாயினும், மறுபடி அணியலாகாது. பிறர் பயன்படுத்திய கவசத்தை வாங்குவதும் தகாது; அதன் பூர்வ கதை நமக்குத் தெரியாதல்லவா?

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. தையற்காரர் நாடாவைப் புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, காதுகளுக்கு மேலாகத் தலையைச் சுற்றிப் பிடித்து, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எண் மட்டும் போதாது. சிலர் தலை உருண்டை. சிலர் தலை முன்பின் நீண்டது. 58 என்ற ஒரே அளவுள்ள இருவருக்கு ஒரே கவசம் பொருந்தாமல் போகலாம். என் தம்பிக்கு நேர்ந்தது இதுவே. கடையிலேயே அணிந்து பத்து நிமிஷம் இருங்கள். கன்னங்களை மெல்ல நெருக்கினால் குற்றமில்லை. நாளடைவில் பஞ்சு இளகும். நெற்றியில் ஓர் இடம் மட்டும் வலித்தால் அது இளகாது, வேறொன்றைக் கேளுங்கள். தலையை அசைத்தால் கவசமும் கன்னத்துத் தோலும் சேர்ந்தே அசைய வேண்டும். பின்பு பட்டையை மாட்டி, பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் அது உங்களுக்குரியது அன்று.

முகவாயையும் மூடும் முழுக் கவசமே மேலானது. கீழே விழுகையில் முகமும் தாடையும் அடிபடுவது மிகச் சாதாரணம். நம் வெயிலில் புழுங்குமே என்பீர்கள். காற்றுத் துவாரங்கள் உள்ளதாகவும், உட்துணியைக் கழற்றித் துவைக்கத் தக்கதாகவும் பார்த்து வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடி இரவுக்கு உதவாது. ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று கவனியுங்கள். 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து அம்முத்திரை இல்லாத கவசத்தை விற்பதே நம் நாட்டில் குற்றம். பெட்ரோலாலும் தின்னராலும் அதைத் துடைக்காதீர்கள். சோப்பு நீர் போதும்.

சென்ற ஆண்டு என் தம்பி மகனுக்கு வேலை கிடைத்தது, வண்டியும் வந்தது. "பெரியப்பா, நல்லதாக ஒன்று வாங்கி வந்துவிடுங்களேன்" என்றான். "என் கால் போனால் போதாதப்பா, உன் தலை வர வேண்டும்" என்று அவனையும் கூட்டிச் சென்றேன். நான்கைந்தை அணிந்து பார்த்து ஐந்தாவதை எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் என் தம்பி ஒன்றும் பேசாமல், மகனின் முகவாய்க்குக் கீழே பட்டையை மாட்டி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "இது அழுத்தவில்லையாம், அண்ணா" என்றான்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கவசம் வாங்கும்போது அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அழுத்துகிறது என்று அவர்கள் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.