இங்கிலாந்து சரித்திரமும் வகுப்பறைப் பயிற்சிகளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதனாகிய எனக்கும் இங்கிலாந்து சரித்திரத்துக்கும் யாது இயைபு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். எம் பள்ளியிற் சரித்திர ஆசிரியர் இடம் ஒழிவாயிருந்தமையால், மேல்வகுப்புகளுக்கு அப்பாடத்தையும் யானே சில ஆண்டுகளாக நடத்தி வருகின்றேன். தொடக்கத்தில், நிகண்டை உருப்போடச் செய்வது போலவே அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் உருப்போடச் செய்தேன். ஒருநாள் ஒரு மாணாக்கன், இங்கிலாந்தின் வாக்குரிமைச் சீர்திருத்தங்கள் 1832, 1867, 1884 என்று பிழையின்றி ஒப்புவித்தான். “அவற்றால் உரிமை பெற்றவர் யாவர்? பெறாதவர் யாவர்?” என்று வினவினேன். “ஐயா, அது பரீட்சையில் வராது” என்றான். குற்றம் அவனுடையதன்று, கற்பித்தவனுடையதே. அதன்பின் யான் மேற்கொண்ட பயிற்சிகளுள் மூன்றனை இங்கே எடுத்துரைப்பேன்.

முதலாவது, எழுந்து நிற்கும் பயிற்சி. மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு அளிக்கப்படும். அதில் ஓர் ஆணின் அல்லது பெண்ணின் வயது, தொழில், வீட்டின் மதிப்பு ஆகியன எழுதப்பட்டிருக்கும். யாவரும் அமர்ந்திருப்பர். யான் ஆண்டைக் கூறி அவ்வாண்டின் விதியைப் படிப்பேன். வாக்குரிமை உடையோர் எழுந்து நிற்றல் வேண்டும். 1831-ஆம் ஆண்டுக்கு ஆளில்லாத ஒரு பலகையைக் காட்டி, “இது பழைய சாரம் என்னும் ஊர், குடிகளற்ற வெறும் மேடு. ஆயினும் பார்லிமெண்டில் இதற்கு இரண்டு உறுப்பினர்” என்பேன். பதினைவர் நெருங்கியமர்ந்த மற்றொரு பலகையைக் காட்டி, “இது மான்செஸ்டர், ஆலைகள் நிறைந்த பெருநகரம். இதற்குத் தனியே ஓர் உறுப்பினரும் இலர்” என்பேன். வகுப்பு நகைக்கும், பின்பு சிந்திக்கத் தொடங்கும்.

1832-இல் நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் மதிப்புள்ள வீட்டையுடைய ஆடவர் எழுவர். 1867-இல் நகரத்துத் தொழிலாளர் பலர் எழுவர். 1884-இல் நாட்டுப்புறத்து உழவுத் தொழிலாளர் பலர் எழுவர். 1918-இல் இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவரும், முப்பது வயது நிரம்பிச் சொத்துத் தகுதியும் உடைய பெண்டிரும் எழுவர். ஆடவர்க்கொப்ப இருபத்தொரு வயதில் எல்லாப் பெண்டிரும் எழுவது 1928-இல்தான். இருபத்தைந்து வயதுடைய நூலாலைப் பெண்ணின் சீட்டைப் பெற்ற ஒரு சிறுவன் இறுதிவரை அமர்ந்தேயிருந்தான். அவன் கேட்டான்: “ஐயா, என்னோடு அதே ஆலையில் வேலை செய்தவன் 1918-இலேயே எழுந்துவிட்டான், எனக்கு ஏன் இன்னும் பத்தாண்டு?” பாடநூலின் முப்பது பக்கங்கள் எழுப்பாத வினாவை அச்சிறு சீட்டு எழுப்பியது. 1832 முதல் 1928 வரை தொண்ணூற்றாறு ஆண்டுகள் என்று கணக்கிட்ட ஒரு மாணவி, நம் நாட்டின் 1951-52-ஆம் ஆண்டு முதற்பொதுத் தேர்தலிலேயே வயது வந்த ஆண் பெண் யாவரும் வாக்குரிமை பெற்றிருந்ததை எடுத்துக்காட்டி எங்களை மகிழ்வித்தாள்.

இரண்டாவது, வாக்களிப்புப் பயிற்சி. 1872-ஆம் ஆண்டுக்கு முன்பு இங்கிலாந்தில் வாக்காளர் தம் வாக்கை யாவரும் கேட்க வாய்விட்டுக் கூறினர். அது ஏட்டிலும் பதியப்பட்டது. ஒரு மாணாக்கனை நிலக்கிழாராக நாற்காலியில் அமர்த்தி, அவன் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுப்பேன். ஏனையோர் அவனுடைய குடிவாரக்காரர். அவர்கள் அவன் முன்னிலையில் வாக்கை உரைப்பர். பின்பு அதே தேர்தலைச் சீட்டெழுதிப் பெட்டியிலிட்டு நடத்துவோம். இருமுறையும் முடிவு பெரும்பாலும் ஒன்றாயிராது. மறைவாக்கின் பயனை அதற்குமேல் யான் விளக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது பயிற்சியிலே யான் பிழை செய்தேன், அதனையும் மறைத்தலாகாது. 1838-ஆம் ஆண்டு யார்க்ஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து இருபத்தாறு சிறார் மாண்டனர். 1842-இல், சுரங்கங்களில் உழைத்த சிறுவர் சிறுமியரின் வாய்மொழிகளைத் தொகுத்த விசாரணை அறிக்கையொன்று வெளிவந்தது. இருளில் தனித்திருந்து, வண்டி வரும்போது காற்றுக் கதவைக் கயிற்றாலிழுத்துத் திறக்கும் சிறாரும் அவருள் இருந்தனர். அவ்வாண்டிலேயே பெண்களும் பத்து வயது நிரம்பாத சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. இதனை நடித்துக் காட்டும்பொழுது, நல்லுடை அணிந்த ஒருவனைச் சுரங்க முதலாளியாகவும், மெலிந்த ஒரு கூலியாளின் மகனைக் கதவுச் சிறுவனாகவும் யானே தெரிந்தெடுத்தேன். பொருத்தமாயிருக்கிறதென்று வகுப்பு நகைத்தது. இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் தந்தையார் என்னை அமரச் செய்து, “ஐயா, எங்களுக்குப் பிறப்பால் வந்ததைப் பள்ளிக்கூடத்திலும் அவன் நடிக்க வேண்டுமா?” என்று தணிந்த குரலிற் கேட்டார். யான் விடையின்றி நின்றேன்.

அன்று தொட்டு எம் வகுப்பில் எவ்வேடமும் குலுக்குச் சீட்டாலேயே அமைகின்றது. செல்வன் மகன் கதவருகே கண்மூடி ஐந்து நிமிடம் அசையாதிருக்கின்றான்; கூலியாள் மகன் விசாரணைக்காரராக வினவுகின்றான். பிறர் நிலையில் நின்று பார்ப்பதற்கே இப்பயிற்சி. தன் நிலையை நினைந்து நாணுவதற்கன்று.

நிற்க. இவையெல்லாம் விளையாட்டு, காலம் வீணாகின்றது என்று பெற்றோர் சிலர் கூறுகின்றனர். அவர் அச்சமும் முற்றிலும் தவறன்று. நடிப்போடு நின்றுவிட்டால் அது வெறும் கூத்தாகவே முடியும். ஆதலின் ஒவ்வொரு பயிற்சியின் இறுதியிலும் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு வினாவுக்கு எழுத்தில் விடை பெறுகின்றேன். சுரங்கச் சிறாரின் சொற்களை எழுதியவர் யார்? எதன்பொருட்டு எழுதினார்? முதலாளியின் சாட்சியத்தோடு அவை எங்கே முரணுகின்றன? இவற்றுக்கு விடையெழுதும் மாணாக்கன் ஆண்டுகளையும் மறப்பதில்லை. காரணத்தோடு சேர்ந்த ஆண்டு மனத்தில் தானே நிலைபெறுகின்றது.

பெற்றோர்களே! உங்களிடம் யான் வேண்டுவது ஒன்றே. இன்றிரவு உங்கள் மக்களிடம், “எந்த ஆண்டு?” என்று கேட்பதோடு நில்லாமல், “அன்று எழுந்து நின்றவர் யார்? அமர்ந்திருந்தவர் யார்? ஏன்?” என்றும் கேளுங்கள். வினவப் பழகிய பிள்ளை பிற நாட்டுச் சரித்திரத்தோடு தன் ஊரின் சரித்திரத்தையும் வினவும்.