மௌலானா ஆஸாத் நமக்கு வைத்துப்போன வேலை

(தேசியக் கல்வி தினக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





நவம்பர் 11, மௌலானா அபுல் கலாம் ஆஸாத் பிறந்த நாள். 2008 முதல் நாடு முழுவதும் அது தேசியக் கல்வி தினம்.

1888-ல் புனித மக்காவில் பிறந்தார், கல்கத்தாவில் வளர்ந்தார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தந்தையிடமும் ஆலிம்களிடமும் வீட்டிலேயே ஓதி, 16 வயதுக்குள் முடித்தார். 'ஓதியாயிற்று, போதும்' என்று உட்காரவில்லை. ஆங்கில எழுத்துகளை ஒருவரிடம் கற்று, அகராதியையும் செய்தித்தாளையும் வைத்துக்கொண்டு தானே படித்தார்.

1912-ல் 'அல்-ஹிலால்' வார இதழைத் தொடங்கினார். வெள்ளையர் அரசு முதலில் 2,000 ரூபாய், பிறகு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டுப் பறிமுதல் செய்தது. இதழ் நின்றது, அவர் நிற்கவில்லை.

1940 முதல் 1946 வரை காங்கிரஸ் தலைவர். 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் 1942 ஆகஸ்டில் அவர் தலைமையில்தான் நிறைவேறியது. மறுநாள் விடியும் முன்பே கைது. அஹ்மத்நகர் கோட்டைச் சிறை. அங்கே இருக்கும்போது மனைவி ஜுலைகா பேகம் நோயில் விழுந்தார். போய்ப் பார்க்க அனுமதி கேட்டு அரசிடம் கையேந்த மௌலானா மறுத்துவிட்டார். 1943 ஏப்ரலில் அந்த அம்மையார் வஃபாத்தானார். 1945-ல் விடுதலையாகி வந்தவர் பார்த்தது கப்ரை மட்டும்தான்.

பிரிவினையை எதிர்த்தார். 1947 அக்டோபரில் டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதில் நின்று, ஊரைவிட்டு ஓடாதீர்கள், இது உங்கள் மண் என்று மக்களைத் தடுத்தார். 1958-ல் மறையும்வரை கல்வி அமைச்சர். காரக்பூர் ஐ.ஐ.டி. 1951-ல் அவர் காலத்தில் வந்தது. நம் கிண்டி ஐ.ஐ.டி. 1959-ல் திறந்தபோது அவர் இல்லை.

இங்கிருந்து கிண்டி எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரப் பஸ் பயணம். ஆனால் போன மாதம் ஒரு தகப்பனார் சொன்னார்: "செகரட்டரி பாய், பையன் டென்த் முடிச்சுட்டான். சிட்கோ கம்பெனியில சேர்த்துட்டேன். கடன் இருக்கு பாய்." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடனை முன்கூட்டியே கேட்டறியாத நாம்தான் குற்றவாளிகள்.

எனவே வேண்டுகோள் இதுதான். பிள்ளையின் படிப்பை நிறுத்தும் முன் ஒரு தடவை டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். வசதியுள்ளவர்கள் ஒரு பிள்ளையின் கட்டணத்தையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். மௌலானா தமக்காகக் கேட்கவில்லை. நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்பதில் வெட்கமில்லை.

அல்லாஹ் நம் முயற்சியைக் கபூல் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.