‘தைரியமா இரு’ என்பது மட்டும் உளவியல் அல்ல

(தாராசுரத்தில் நடந்த இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் டெல்டாவில் அறுப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது. நடவுக்கும் வந்துகொண்டிருக்கிறது. கூலி வேலை பார்த்த சேரிக் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூருக்குப் போகிறார்கள். சிலர் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறார்கள். பழைய வாழ்க்கை போய்விட்டது, புதியது இன்னும் கைக்கு வரவில்லை. இந்த நடுவழியில் தூக்கம் கெடுகிறது, ‘நான் இதற்கு லாயக்கில்லையோ’ என்ற எண்ணம் வருகிறது.

இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ‘எல்லாம் உன் மனசுலதான் இருக்கு, தைரியமா இரு’ என்பது ஒன்று. ‘இது சமூகப் பிரச்சினை, கவுன்சிலிங் எதற்கு?’ என்பது நம் தோழர்கள் சிலர் சொல்வது. முதலாவது சாதியை மறைக்கிறது. இரண்டாவது, சமூகம் மாறும்வரை அந்தப் பிள்ளையைத் தனியாக விடுகிறது.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர்கள் குழந்தைகளிடம் வெள்ளை பொம்மையையும் கறுப்பு பொம்மையையும் காட்டினார்கள். கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளை பொம்மையையே ‘நல்லது’ என்றார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்ததோடு கதை முடியவில்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றது. மனதில் பட்ட காயம் அங்கே சாட்சியம் ஆனது.

நம் பக்கத்திலும் அனுபவம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ், உள்ளூர் ஆட்களுக்கே மனநல ஆதரவுப் பயிற்சி கொடுத்தது. டாக்டர் பட்டம் இல்லாதவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க முடியும் என்பது அதன் அடிப்படை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, சாதிப் பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. இரண்டையும் நம் தெருவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ விடுதியில் சேர்ந்தால், முதல் சில மாதங்கள் வாரம் ஒருமுறை போன் செய்யுங்கள். ‘நல்லா படிக்கிறியா?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘அங்க உன்னை எப்படி நடத்துறாங்க?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். இழிவு நடந்திருந்தால் எழுதி வையுங்கள், புகார் கொடுக்கக் கூடவே போங்கள். தூங்க முடியவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள்.

இரண்டும் ஒரே வேலைதான். ஜெய் பீம்.