குளிர்பதனத் தொழிற்கல்வி: செலவும் வரவும்

(கோவையில் நடைபெற்ற மாணவர் வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாள் முதல் என் இல்லம் நாடி வருவோர் ஒரே வினாவை எழுப்புகின்றனர். "பையனை ஏ.சி. மெக்கானிக் படிப்பில் சேர்த்தால் போட்ட பணம் திரும்புமா?" முப்பதாண்டுக் காலம் இவ்வூர் நூற்பாலை ஒன்றில் ஈரப்பதம் காக்கும் பிரிவில் பணியாற்றியவன் என்பதால் என்னைக் கேட்கின்றனர். வினா நியாயமானதே. ஆனால், 'போட்ட பணம்' என்று அவர்கள் கருதுவது கல்விக் கட்டணத்தை மட்டுமே. கணக்குப் பிழைபடுவது அங்கேதான்.

இத்தொழில் நம் ஊருக்குப் புதியதன்று. 1888இல் இங்கே ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் நூற்பாலைகள் பெருகின. காற்று வறண்டால் பஞ்சிழை முறுகும், நூல் அறுபடும். ஆகவே நீரைத் தூவிக் காற்றைப் பதப்படுத்தி ஆலைக்குள் செலுத்துவது இன்றியமையாததாயிற்று. இன்று நாம் வழங்கும் 'ஏர் கண்டிஷனிங்' என்னும் சொல்லையே 1906இல் அமெரிக்க நூற்பாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர்தான் உருவாக்கினார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். மனிதர் குளிர்காய்வதற்கு முன்னரே நூலுக்காகப் பிறந்த சொல் அது.

இனிச் செலவுக்கு வருவோம். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் இப்பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, பாடநூல், மிதிவண்டி ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவருக்கு, 2024 ஆகஸ்டில் இதே கோவையில் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்கீழ் மாதம் 1000 ரூபாயும் கிடைக்கும். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. பெண்களுக்கு இத்தொழில் ஆகாது என்போர் ஆலையின் நூற்புப் பகுதியை ஒருமுறை பார்த்துவர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். தொகைகள் யாவும் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. தத்தம் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது இளைஞன் திருப்பூர்ப் பனியன் நிறுவனத்திற்குச் சென்றால் மாதம் 12,000 ரூபாய் பெறுவான் என்க. இரண்டாண்டு படிப்பதால் அவன் இழக்கும் கூலி 2,88,000. கருவிகளுக்கு 30,000. அரசு நிலையமானால் உதவித்தொகை 18,000 கழிந்து, முதலீடு 3,00,000 ஆகிறது. தனியார் நிலையத்தில் ஆண்டுக்கு 40,000 கட்டினால் 3,98,000 ஆகிறது. நாம் இரவு பகலாகக் கவலைப்படும் கட்டணம் 80,000தான். கண்ணில் படாமல் போகும் கூலியோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். நான்காண்டுப் பொறியியலை இரண்டாண்டில் கற்பிக்கலாம் என்று ஜி.டி. நாயுடு அரசோடு வாதிட்டுக் கல்லூரிப் பொறுப்பையே துறந்தார். ஆண்டுகளும் பணமே என்பதை அவர் அறிந்திருந்தார்.

படித்து முடித்தவுடன் வரவு உயர்ந்துவிடுமா? உயராது. தொழில் பழகுநராகச் சேர்ந்தால், 2019 விதிகளின்படி தொழிற்சான்றிதழ் பெற்றவருக்குக் குறைந்த அளவு உதவித்தொகை மாதம் 7,000தான். அடுத்த ஆண்டும் பெரிய மாற்றமிராது. ஐந்தாம் ஆண்டில் பனியன் தொழிலாளியைவிட மாதம் 8,000 கூடுதலாகப் பெறுகிறான் என்றால் ஆண்டுக்கு 96,000. அரசு நிலையத்தில் பயின்றவனுக்கு முதலீடு மீள அதன்பின் மூன்றாண்டுக்குச் சற்று மேல். தனியாரில் பயின்றவனுக்கு நான்காண்டுக்குச் சற்று மேல். ஆக, இடையில் வரும் அந்த மெலிந்த இரண்டாண்டில் தொழிலை விட்டு விலகுபவன் முழு முதலையும் இழக்கிறான்.

என் தமக்கையின் பேரன் இதற்குச் சான்று. மூன்று மாதச் சான்றிதழ், வேலை உறுதி என்ற விளம்பரத்தை நம்பி ஒரு தனியார் மையத்தில் 45,000 ரூபாய் கட்டினான். ஏப்ரல், மே மாதங்களில் வீடு வீடாக ஏ.சி. கழுவும் பணி கிடைத்தது. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கியதும் அழைப்பு நின்றது. நம் கோவையின் இதமான தட்பவெப்பம் நமக்கு வரம், வீட்டு ஏ.சி.யை மட்டும் நம்பியவனுக்கு அது வறுமை. ஆண்டு முழுதும் ஓயாத குளிர் மருத்துவமனையிலும், நூற்பாலையிலும், பால் பதனிடும் நிலையத்திலும், மருந்துக் கிடங்கிலும், காய்கறிக் குளிரறையிலும் இருக்கிறது. இறைச்சிக் கிடங்கில் பணி செய்ய நேருமோ எனத் தாய்மார் சிலர் தயங்குகின்றனர். அதைத் தவிர்த்தும் தேர்ந்துகொள்ள இங்கே இடம் ஏராளம்.

அத்தகைய இடங்களில் அரைகுறைக் கல்வி செல்லாது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே ஆர்-22 வாயு படிப்படியாக விலக்கப்படுகிறது. இப்போது பரவலாகியுள்ள ஆர்-32 சிறிதளவு எரியும் தன்மையது. ஆர்-290 என்பதோ புரோப்பேன், எளிதில் தீப்பற்றுவது. கசிவு சோதிக்காமல், குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வேக்கும் பம்பினால் முற்றும் வெளியேற்றாமல் வாயு நிரப்புபவன் எந்திரத்தைக் கெடுப்பான். சிலவேளை தன் கையையும் சுட்டுக்கொள்வான்.

பேரன் மறு ஆண்டே அரசினர் நிலையத்தில் சேர்ந்து முறையாகக் கற்றான். இன்று ஒரு மருத்துவமனையின் மையக் குளிரூட்டும் நிலையத்தில் மாதம் 14,000 ரூபாய்க்குப் பணிபுரிகிறான். சென்ற மாதம் தமக்கை வந்து, "கைபேசிக் கடையில் 16,000 தருகிறார்களாம், தம்பி. போகட்டுமா?" என்றார். இன்னும் ஓராண்டு பொறுக்கச் சொல்லி, அவனுக்கென்று ஒரு வேக்கும் பம்பும் அளவுமானிகளும் வாங்கிக் கொடுத்தேன். விடுமுறை நாளில் அவற்றைக் கொண்டு தனியே பணி எடுக்கிறான்.

அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம். நமது கல்வி உதவிப் படிவத்தில் கட்டணம் என்ற கட்டம் இருக்கிறது. கருவிகள் என்ற கட்டம் இல்லை. பழகுநர் காலத்து அறை வாடகைக்கும் இடமில்லை. வரும் ஜூன் மாதத்துப் படிவத்தில் அவ்விரண்டையும் சேர்த்து அச்சிடுவீர்களாயின், முதல் கருவிப்பெட்டிக்கான தொகையை நான் தருகிறேன்.