மலைப் பாதைக்கு ஏற்ற டார்ச் லைட்



ஏற்காட்டுக்கு மேலே, 5,300 அடி உயரத்தில் இருக்கிறது சேர்வராயன் கோயில். மே மாதத் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்கும், காப்பித் தோட்டத்திலிருந்து பொழுது சாய்ந்து திரும்புகிறவர்களுக்கும் டார்ச் லைட் அவசியம். எதை வாங்குவது?

ரொம்ப தூரம் அடிக்கும் என்று பெரிய லைட்டாகப் பார்த்து வாங்கிடாதீங்க. இந்த மலையில் மூடுபனி இறங்கினால், அந்த வெளிச்சம் பனியில் பட்டு நம்ம கண்ணிலேயே அடிக்கும், காலடி தெரியாது. நடப்பதற்கு 100 லூமென் தாராளம். மங்கல், பிரகாசம் என இரண்டு நிலை இருக்கணும். பனியில் மங்கலாக வைத்து, இடுப்புக்குக் கீழே பிடித்து, தரையைப் பார்த்து நடங்க. தூரத்தில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்கப் பிரகாசம் உதவும். நின்றால் கிட்டே போகாமல் திரும்பிடுங்க.

மழைச் சாரலுக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி உள்ளதாக வாங்குங்க. பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரிக் கட்டையில் எரிவது நல்லது. சார்ஜ் ஏற்றுகிற வகையானால், கிளம்புமுன் ஏற்றிக்கொள்ளுங்க. பயன்படுத்தாத நாளில் கட்டையைக் கழற்றி வையுங்க. கசிந்தால் லைட் கெட்டுப்போகும்.

பாம்பை மிதித்த பிறகு டார்ச்சைத் தேடிப் பயனில்லை. சட்டைப் பையில் அடங்குகிற அளவாக வாங்கி, தினமும் கூடவே வச்சுக்குங்க.