ரூம் வாடகைக்கு வரி வருது, ஆப்போட லாபத்துக்கு?

போன வாரக் கடைசியில ஏற்காடு போயிருந்தோம். சேர்வராயன் கோயில் பார்த்திருக்கீங்களா? மலை உச்சியில ஒரு குகைக் கோயில், குனிஞ்சுதான் உள்ள போகணும். மே மாசத் திருவிழாவுக்குச் சுத்துப்பட்டு மலைக் கிராமங்கள்ல இருந்து சனம் திரண்டு வரும்.

நாங்க தங்கினது மூணே ரூம் இருக்கிற ஒரு ஹோம்ஸ்டே. ஆப்லதான் புக் பண்ணோம். பில்லைப் பார்த்துட்டு ஓனர் அண்ணன் கேட்டார்: "எனக்கு ஜிஎஸ்டி நம்பரே கிடையாதே தம்பி, அப்புறம் இதுல எப்படி ஜிஎஸ்டி வருது?"

நல்ல கேள்வி. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்ள வருமானம் வர்ற சின்ன ஹோம்ஸ்டே, ஜிஎஸ்டி பதிவு எடுக்கத் தேவையில்லை. ஆனா ஆப் வழியா புக்கிங் வந்தா, ஜிஎஸ்டி சட்டம் 9(5) பிரிவுப்படி அந்த வரியை ஆப் நிறுவனமே கட்டணும். அதுக்கு இந்தியாவுல ஆபீஸே இல்லைன்னாலும், ஒரு பிரதிநிதியை நியமிச்சுக் கட்டணும்.

இதுல இருக்கிற யோசனை எளிமையானது. வரி அதிகாரி ஒவ்வொரு மலை வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. ஆனா எல்லாப் பணமும் கடந்து போற இடம் ஒண்ணு இருக்கு. அங்க நின்னா போதும். ஆள் பலம் குறைவா இருக்கிற அரசாங்கத்துக்கு இது பெரிய விஷயம்.

சரி, அண்ணன்கிட்ட ஆப் எடுக்கிற கமிஷன்? அதுல வர்ற லாபத்துக்கு வருமான வரி? இங்கதான் சிக்கல். பழைய சர்வதேச விதிப்படி, ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு இங்க ஆபீஸ் மாதிரி நிலையான இருப்பு இருந்தாதான் அதோட வியாபார லாபத்துக்கு நாம வரி போடலாம். ஆப்புக்கு எதுக்கு ஆபீஸ்?

அதனால 2016 ஜூன்ல இந்தியா ஈக்குவலைசேஷன் லெவி கொண்டு வந்தது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆன்லைன் விளம்பரத்துக்காக வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல கொடுக்கிற இந்திய வியாபாரி, 6% பிடிச்சு அரசுக்குக் கட்டணும். 2020 ஏப்ரல்ல இ-காமர்ஸுக்கும் 2% வந்தது. அமெரிக்கா விசாரணை நடத்தி, 2021 ஜனவரியில இந்த 2% தன் நிறுவனங்களுக்கு எதிரான பாரபட்சம்னு சொல்லிடுச்சு. கடைசியில 2024 ஆகஸ்ட்ல 2% போச்சு, 2025 ஏப்ரல்ல 6%-உம் போச்சு.

லெவியிலயும் குறை இருந்தது, ஒத்துக்கிறேன். அது லாபத்தைப் பார்க்காம வரவு மேல விழுந்த வரி. செலவை வாடிக்கையாளர் தலையில கட்டவும் வழி இருந்தது. ஆனா அதுக்குப் பதிலா வரவேண்டிய உலக ஒப்பந்தம் இன்னும் வரலையே!

என் பாஷையில சொன்னா, நம்மகிட்ட லாக் எல்லாம் இருக்கு, பர்மிஷன்தான் இல்லை. வரி வசூலிக்கும் திறன்னா சாஃப்ட்வேரும் அதிகாரிகளும் மட்டும் இல்லை. போட்ட வரியை மிரட்டலுக்கு நடுவுலயும் காப்பாத்துற பலமும் சேர்ந்ததுதான். இந்தியாவுக்கே இந்த நிலைமைன்னா, சின்ன நாடுகள் தனியா என்ன பண்ணும்? அதனாலதான் ஐ.நா.வுல நடக்கிற வரி ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முக்கியம். எல்லை தாண்டிய சேவைகளுக்கான வரி அதுல ஒரு தனிப் பகுதி. 2025 பிப்ரவரியில அமெரிக்கா வெளிநடப்பு பண்ணியும் பேச்சு தொடருது. 2027-க்குள்ள முடிக்கிறதுதான் திட்டம்.

அடுத்த தடவை ரூம் புக் பண்ணும்போது பில்லைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ரூம் வாடகைக்கான வரி அதுல தெரியும். கமிஷன் லாபத்துக்கான வரி தெரியாது. அது எந்த நாட்டுக்குப் போகுதுன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!