எழுத்தில் எண்ணை இடுதல்



12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் பாஸ்கரர், தமது பீஜகணிதத்தில் தெரியாத அளவுகளைக் கறுப்பு, நீலம் என நிறங்களின் பெயரால் குறித்தார். இன்று நாம் எழுத்துக்களால் குறிக்கின்றோம். அவ்வெழுத்தின் இடத்தில் ஓர் எண்ணையோ வேறோர் எழுத்தையோ வைப்பதே பிரதியிடுதல்.

குறியீட்டுக் கணித மென்பொருள்கள் எழுத்தை எழுத்தாகவே வைத்துக் கணக்கிடுவன. பைத்தான் மொழியில் இயங்கும் ‘சிம்பை’ அவற்றுள் ஒன்று, விலையின்றிக் கிடைப்பது. எம்மாநிலத்தில், எம்மொழியில் பயிலும் மாணவரும் இதில் முதலில் இடறக்கூடிய இடம் பிரதியிடுதலே.

‘க’ என்பதைக் குறியீடாக அறிவித்து, க² + 3க + 2 என்னும் கோவையை அமைப்போம். அடுத்து ‘க = 5’ என்று எழுதினால் கோவை 42 ஆகிவிடும் அன்றோ? ஆகாது. ‘க’ என்னும் பெயர்ச்சீட்டைக் குறியீட்டினின்று எடுத்து 5இன்மேல் ஒட்டினோம், அவ்வளவே. கோவைக்குள் இருக்கும் குறியீட்டை அது தீண்டவில்லை.

பெயர்ச்சீட்டை அதன் இடத்திலேயே விட்டு, ‘சப்ஸ்’ என்னும் கட்டளையால் 5ஐப் பிரதியிட்டால் 42 வரும். அப்போதும் பழைய கோவை மாறாது; 42 தனியொரு விடை. அதற்குப் பெயரிட்டு வைத்துக்கொள்ளல் வேண்டும். இது குறையன்று, நன்மையே. அதே கோவையில் 7ஐ இட்டு 72 என்னும் விடையையும் பெறலாம்.

இரண்டு எழுத்துக்களை இடம் மாற்றும்போது மேலும் விழிப்பு வேண்டும். க − ச என்பதில் கவைச் சவாகவும், சவைக் கவாகவும் வரிசையாக மாற்றச் சொன்னால், முதற்படியிலேயே அது ச − ச ஆகி 0 ஆகிவிடும். நாம் வேண்டியதோ ச − க. இரண்டையும் ஒருங்கே மாற்றுமாறு கட்டளையில் குறிப்பிட்டால்தான் அது கிட்டும்.

பொறி இங்கே எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. அதற்கு 0வும் ஒரு விடையே. பாலத்தின் சுமையையோ மருந்தின் அளவையோ கணக்கிடும் ஒருவருக்கு அந்த 0 பெருந்தீங்காய் முடியலாம். ஆதலின் கவுக்கு 5, சவுக்கு 3 எனச் சிறு எண்களை இட்டுக் கையாலும் கணக்கிட்டுப் பாருங்கள். ச − க என்பது −2 ஆக வேண்டும். 0 வந்தால் பிழை அப்பொழுதே புலப்படும். விரைவு பொறியினுடையது, பொறுப்பு நம்முடையது.